எந்த வேகத்தில் அழுத்தினீர்கள்?

ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறையில் கரைக்கு வந்து நிற்கும் விசைப்படகுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். லாரியிலும் பேருந்திலும் ஓடித் தேய்ந்த டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கோட்டைப்பட்டினத்திலும் அப்படித்தான். கடல் அமைதியாக இருக்கும் காலையில் அடுத்த படகு மெல்ல வந்து சாயும்போது டயர் நசுங்கி இடம்கொடுத்து அதைத் தாங்கிக்கொள்கிறது. வாடைக்காற்று வீசும் நாளில் அதே படகை அலை தூக்கி அதே டயர்மேல் மோதவிட்டால், அதிர்ச்சி பலகையைத் தாண்டி உள்ளே நிற்பவரின் காலுக்கே வந்து சேர்கிறது. வேகமாக வந்த படகுக்கு ஆற்றல் கூடுதல் என்பது ஒரு காரணம். அது எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. வேகமாக அழுத்தப்பட்ட அந்த நொடியில் ரப்பரே முன்பைவிட விறைப்பான பொருளாகிவிடுகிறது.

இரும்பில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒரு கம்பியை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு இழுத்தாலும் ஒரு விநாடியில் இழுத்தாலும், அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லைவரை அதன் விறைப்பு ஒன்றேதான். ஆகவே இரும்பை வாங்குகிறவர் ஓர் எண்ணைக் கேட்டால் போதும். ரப்பர் வாங்குகிறவரும் அதே பழக்கத்தில் ஓர் எண்ணைத்தான் கேட்கிறார்: “ஷோர் அறுபதா, அறுபத்தைந்தா?” ஷோர் கருவி என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கடிகார முகம். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மழுங்கிய முனையை ரப்பரில் அமுக்கினால், முனை எவ்வளவு உள்ளே போகிறது என்பதை 0 முதல் 100 வரை முள் காட்டும். கையால் நிதானமாக அமுக்கிப் படிக்கும் எண் அது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் கிரஷர்களுக்குக் குறைவில்லை. அங்கே ஜல்லியைப் பிரிக்கும் அதிர்வுச் சல்லடை விநாடிக்குப் பதினைந்து முறை அளவில் குலுங்குகிறது. அதற்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டையையும் நிதானமாக அமுக்கிப் படித்த அந்த எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். இது எனக்குக் கவலை தரும் விஷயம். இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கே அந்தக் கவலைதான் காரணம்.

துறைமுகப் பொறியாளர்கள் இந்தச் சிக்கலை முறையாகக் கையாண்டார்கள். பெரிய கப்பல்கள் அணையும் துறைகளில் பழைய டயருக்குப் பதிலாக, இதற்கென்றே வார்த்த பிரமாண்டமான ரப்பர் தாங்கிகள் இருக்கும். ஒரு தாங்கியை ஆலையில் சோதிக்கும்போது, அழுத்தும் தட்டு நிமிடத்துக்கு 2 முதல் 8 சென்டிமீட்டர்தான் நகரும். கப்பல் வந்து தொடும் வேகமோ விநாடிக்கு 15 சென்டிமீட்டர் என்று கொள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ‘பியாங்க்’ என்று அழைக்கப்படும் பன்னாட்டு நீர்வழிப் போக்குவரத்துச் சங்கம் 2002-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மெதுவான சோதனையில் கிடைத்த விசையை ஒரு ‘வேகக் காரணி’யால் பெருக்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. வெப்பநிலைக்கும் தனியாக ஒரு காரணி வைத்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்ததில் ஆழமான காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம். இயற்கை ரப்பர் அதிகம் சேர்ந்த தாங்கிக்கு வேகக் காரணி குறைவு, செயற்கை ரப்பர் கலவைக்கு அதிகம். ஷோர் எண் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஏன் இப்படி? ரப்பருக்குள் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கும் பாலில் இருப்பவை, ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி அலகுகள் கோத்த நீளமான சங்கிலி மூலக்கூறுகள். திடப்பொருளாக்கிய ரப்பரில் அவை தட்டில் பிழிந்த இடியாப்பமாய்ப் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இழையும் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது அங்கங்கே இழையும் இழையும் ஒட்டி, முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான். வலை இருப்பதால் இழுத்து விட்டால் ரப்பர் பழைய உருவுக்குத் திரும்புகிறது. ஒட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளோ ஒன்றையொன்று உரசி நழுவி, இடம் மாறித்தான் நீள வேண்டும். நழுவ நேரம் கொடுத்தால் எதிர்ப்பு குறைவு. நேரம் கொடுக்காமல் இழுத்தால் சிக்குகளே தற்காலிக ஒட்டுகளாக நடந்துகொள்கின்றன, வலை நெருக்கமானதுபோல் ரப்பர் விறைக்கிறது.

உண்டிவில்லில் சைக்கிள் டியூப் கட்டி விளையாடும் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் தெரியும். இழுத்த கையோடு விட்டால் கல் சீறிப் போகும். இழுத்துப் பிடித்து வெகுநேரம் குறிபார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சீற்றம் இருக்காது. பிடித்திருந்த நேரத்தில் இழைகள் நழுவி இறுக்கத்தைத் தளர்த்திக்கொண்டன. தளர்ந்த பங்கு கல்லுக்குப் போய்ச் சேராமல் வெப்பமாகக் கரைந்துவிட்டது.

இழைகள் எவ்வளவு சுறுசுறுப்பாக நெளிகின்றன என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. குளிர்வித்தால் நெளிவு மந்தமாகும். ஒரு கட்டத்துக்குக் கீழே அடியோடு உறைந்து, ரப்பர் கண்ணாடியாய் நொறுங்கும். இயற்கை ரப்பருக்கு அந்தக் கட்டம் கழித்தல் 70 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. இப்போது ஒரு விஷயத்தை யோசியுங்கள். நெளிவை மந்தமாக்குவதும், நெளிவுக்கு நேரம் தராமல் இழுப்பதும் இழையின் பார்வையில் ஒன்றுதான். எனவே ரப்பரை வேகமாக இழுப்பது என்பது அதைக் குளிர்வித்து இழுப்பதற்குச் சமம். 1955-இல் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி என்ற மூவரும் இந்தச் சமன்பாட்டுக்குக் கணக்கே எழுதிவிட்டார்கள். ஒரு ரப்பர் உறையும் வெப்பநிலைக்கு அருகே இருக்கும்போது, வேகத்தைப் பத்து மடங்காக்குவது சுமார் 3 டிகிரி குளிர்விப்பதற்கு ஒப்பு. அந்த வெப்பநிலையிலிருந்து விலக விலக இந்த 3 டிகிரி கூடிக்கொண்டே போகும். பாலிமர் அறிவியல் தந்த மிக அழகான முடிவுகளில் ஒன்று இது என்பது என் எண்ணம். வேகமாகச் செய்ய முடியாத சோதனையைக் குளிரவைத்து மெதுவாகச் செய்துவிடலாம்.

இதை வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. பியூட்டைல் ரப்பரால் செய்த பந்தைத் தரையில் போட்டால் எழும்பாமல் கிடக்கும். பந்து தரையைத் தொடும் நேரம் சில மில்லிவிநாடிதான். அந்த வேகத்துக்குப் பியூட்டைலின் இழைகள் ஈடுகொடுக்க முடியாமல் உராய்ந்து, ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. அதே பந்தைக் கொதிநீரில் போட்டுச் சுடச்சுட எடுத்துப் போட்டால் துள்ளும். பந்தைத் துள்ளவிடுவதே ஒரு வேகச் சோதனை. ஊசல் ஒன்றை ரப்பரில் மோதவிட்டு, அது எவ்வளவு உயரம் திரும்புகிறது என்று அளக்கும் கருவிகள் ஆய்வகங்களில் உண்டு. அவை செய்வதும் இதைத்தான்.

வேகத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதை முதலில் கண்டவர் கண் தெரியாத ஒருவர். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப், சிறுவயதில் அம்மையால் பார்வையை இழந்தவர். செடிகளைத் தொட்டே இனம் காணும் அளவுக்கு விரலிலும் உதட்டிலும் நுண்ணுணர்வு கொண்டவர். மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்துக்கு அவர் எழுதியனுப்பி, 1805-இல் அச்சான சோதனை இது. ரப்பர்ப் பட்டையை இரு கைகளிலும் பிடித்து உதட்டில் லேசாக ஒற்றியபடி சட்டென்று இழுத்தார். பட்டை சூடானது. விட்டுத் தளர்த்தியதும் குளிர்ந்தது. அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். மேலுதட்டில் ஒற்றுவது நல்லது. சட்டென்று இழுத்தால் சூடு தெரியும். நிதானமாக, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு இழுத்தால் தெரியாது. பிறந்த வெப்பம் அவ்வப்போது காற்றில் போய்விடுகிறது.

காஃப் இன்னொன்றும் கண்டார். எடை தொங்கும் ரப்பர்ப் பட்டையைச் சூடாக்கினால், உலோகக் கம்பிபோல நீளாமல் அது சுருங்கி எடையை மேலே தூக்கும். ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1859-இல் இயற்பியலாளர் ஜூல் இதை அளந்து உறுதிப்படுத்தினார். காரணம் விளங்க 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரப்பரின் இழுப்பு இழைகளின் நெளிவிலிருந்து பிறக்கிறது, சூடு கூடினால் நெளிவும் கூடும், இழுப்பும் கூடும். ஆகவே வேகமாக இழுக்கும் சோதனையில் ரப்பர் தானே சூடாகி, அந்தச் சூட்டால் கொஞ்சம் விறைக்கவும் செய்கிறது. 6 டிகிரி சூடேறினால் நெளிவிலிருந்து வரும் இழுப்பு 2 சதவீதம் கூடும். மெதுவான சோதனை மாறா வெப்பநிலையில் நடக்கிறது, வேகமான சோதனை அப்படி நடப்பதில்லை. இரண்டு எண்களையும் ஒப்பிடுகிறவர் இதை மறக்கக்கூடாது.

ரப்பர் ஆலைகளில் அன்றாடம் நடக்கும் இழுவைச் சோதனைக்கு வருவோம். 2 மில்லிமீட்டர் தடிமனில் வார்த்த ரப்பர்த் தகட்டிலிருந்து, இரு முனையும் அகன்று நடு குறுகிய டம்பெல் வடிவத் துண்டை அச்சால் வெட்டுவார்கள். பரவலாகப் பயன்படும் அளவில் நடுப்பகுதியின் அகலம் 6 மில்லிமீட்டர். வெட்டும் அச்சின் விளிம்பில் பொடி அளவு பிசிறு இருந்தாலும் போதும், துண்டின் ஓரத்தில் கீறல் விழுந்து, உரிய வலிமையைக் காட்டாமல் பாதியிலேயே அறும். நடுப்பகுதியில் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்கோடுகள் போடுவார்கள். நீட்சியை இந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் அளக்க வேண்டும். பிடிகள் நகர்ந்த தூரத்தை நம்பினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அகன்ற முனைகளும் கொஞ்சம் நீள்கின்றன. இழுக்க இழுக்க ரப்பர் மெலிவதால் சாதாரணப் பிடிக்குள்ளிருந்து அது நழுவும். அதனால் இழுப்பு கூடக்கூடத் தானே இறுகும் பிடி வேண்டும்.

எந்திரத்தை இயக்கினால் பிடி நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் மேலேறும். உலகெங்கும் வழக்கமான வேகம் இது. நல்ல இயற்கை ரப்பராக இருந்தால் மைக்கோடுகள் விலகி விலகி ஐந்து ஆறு மடங்கு தூரம் போகும். திரையில் வளைகோடு முதலில் கொஞ்சம் ஏறி, நடுவில் சாய்ந்து படுத்து, கடைசியில் செங்குத்தாக எழும். அந்தக் கடைசி எழுச்சிக்குக் காரணம், நீட்டப்பட்ட இழைகள் வரிசையாக அமைந்து படிகமாவது. காட்ஸ் என்பவர் 1925-இல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி இதைக் கண்டார். படிகமாகவும் மில்லிவிநாடிக் கணக்கில் நேரம் வேண்டும். அதைவிட வேகமாக இழுத்தால் படிகம் உருவாவதே பின்தங்குகிறது. ஆக, வேகத்தைக் கூட்டக் கூட்ட எல்லாமே ஒரே திசையில் கூடும் என்று எண்ணிவிடக்கூடாது.

நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் என்பது கேட்க வேகமாகத் தெரியும். கணக்குப் போட்டால், குறுகிய பகுதி ஒரு விநாடியில் தன் நீளத்தில் கால்பங்குதான் நீள்கிறது. கால்பங்கு, அதாவது விநாடிக்கு 0.25. இந்த எண்ணைத் திரிபு வீதம் என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லா வேகங்களையும் இதோடு ஒப்பிடப் போகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்பன் கரி சேர்த்த ரப்பரை முதல் முறை இழுக்கும்போது இருக்கும் விறைப்பு இரண்டாம் முறை இருக்காது. லியோனார்ட் முல்லின்ஸ் 1940-களின் பிற்பகுதியில் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயராலேயே இவ்விளைவை அழைக்கிறார்கள். வேகத்தின் விளைவை அளக்க விரும்புகிறவர் ஒரே துண்டை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இழுத்து ஒப்பிட்டால், வேகத்தையும் முல்லின்ஸ் விளைவையும் குழப்பிக்கொள்வார். ஒவ்வொரு வேகத்துக்கும் புதுத் துண்டு வேண்டும், அல்லது எல்லாத் துண்டுகளையும் ஒரே மாதிரி சில முறை இழுத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

இனி திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குப் போகும் ரயில் பாதைக்கு வாருங்கள். தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவே, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும் ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. நம் ரயில்வேயில் நெடுங்காலமாகப் புழங்கும் வகை 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. மேலும் கீழும் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். பள்ளம் வழுக்காமல் இருப்பதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பரின் உருவத்தை மாற்றுவது எளிது, கன அளவைக் குறைப்பது மிகக் கடினம். இரண்டுக்கும் தேவைப்படும் அழுத்தத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். பிதுங்க இடமில்லாத ரப்பர் கல்லுக்குச் சமம். பிதுங்குவதற்கு விட்ட இடம்தான் அந்தப் பள்ளங்கள்.

ஒரு ஸ்லீப்பருக்கும் அடுத்ததற்கும் சுமார் 60 சென்டிமீட்டர். பெரம்பூரில் கட்டப்பட்ட பழைய வகைப் பெட்டியின் ஒரு போகியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2.9 மீட்டர். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால், ஒரு தகட்டின்மேல் பத்தில் ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு சக்கரங்கள் கடந்துவிடும். ஒவ்வொன்றிலும் 5, 6 டன். இரண்டு பக்கத்து ஸ்லீப்பர்களும் பாரத்தைப் பகிர்ந்துகொண்டது போக, மிச்சம் அந்தத் தகட்டில் ஏறி இறங்க எடுக்கும் நேரம் இருபதில் ஒரு விநாடி அளவு. தகடு இருபதில் ஒரு பங்கு நசுங்கினாலே திரிபு வீதம் விநாடிக்கு 2 என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. ஆலைச் சோதனையைப்போல எட்டு மடங்கு. சக்கரத்தில் ஒரு தட்டை விழுந்திருந்தாலோ தண்டவாள இணைப்பில் பள்ளம் இருந்தாலோ, அடி மில்லிவிநாடியில் விழும். அங்கே வேகம் இன்னும் பல மடங்கு.

அதனால்தான் தண்டவாளத் தகடுகளுக்கு இரண்டு விறைப்புகளை அளக்கிறார்கள். மெதுவாக ஏற்றி இறக்கும்போது ஒன்று, விநாடிக்குப் பல முறை துடிக்கும் பாரத்தில் இன்னொன்று. இரண்டாவது எப்போதும் அதிகம். எத்தனை மடங்கு அதிகம் என்பதுதான் தகட்டின் தரம். மெதுவான சோதனையில் இதமாகத் தெரியும் தகடு, ஓடும் வண்டிக்குக் கீழே இறுகிப்போனால் அடி முழுதும் ஸ்லீப்பருக்கும் அதன் கீழுள்ள ஜல்லிக்கும் போகும். ஜல்லி அரைபட்டு மாவாகும், பாதை அமுங்கும். விலைகுறைந்த தகட்டால் மிச்சமான பணத்தைப் பாதை பராமரிப்பில் திரும்பக் கொடுக்க வேண்டியதாகும்.

இன்னும் வேகமாக, விநாடிக்கு ஆயிரம் என்ற திரிபு வீதத்தில் என்ன நடக்கும்? இந்த வேகத்தை எட்ட எந்திரத்தின் பிடியை நகர்த்தினால் ஆகாது. 1949-இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி, ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு வழி கண்டார். ஒரே நேர்கோட்டில் இரண்டு நீண்ட உலோகத் தண்டுகள். நடுவே சோதிக்க வேண்டிய பொருளின் மெல்லிய வில்லை. முதல் தண்டின் முனையில் சிறு வெடியால் ஓர் அழுத்த அலையை எழுப்பினால், அது எஃகில் விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வில்லையை வந்து அடையும். ஒரு பகுதி திரும்பிப் போகும், ஒரு பகுதி வில்லையைக் கடந்து இரண்டாம் தண்டுக்குப் போகும். போனதையும் திரும்பியதையும் அளந்தால், வில்லை எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு விசை தாங்கியது என்று இரண்டும் கிடைத்துவிடும். அலையைத் தண்டில் அனுப்பி அளக்கும் யோசனை 1914-இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் தொடங்கியது. இன்று வெடிக்குப் பதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிறு தண்டைச் செலுத்தி மோதவைக்கிறார்கள். கோல்ஸ்கி முதன்முதலில் சோதித்த பொருள்களிலேயே இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் இருந்தன. செம்பு, ஈயம், பாலித்தீன், பெர்ஸ்பெக்ஸ் ஆகியவற்றோடு.

ஆனால் ரப்பர் இந்தச் சோதனைக்கு எளிதில் பணிவதில்லை. எஃகில் 5 கிலோமீட்டர் ஓடும் அலை, மென்மையான ரப்பர்த் துண்டின் நீளவாக்கில் விநாடிக்கு 50 மீட்டர்கூட ஓடுவதில்லை. 10 மில்லிமீட்டர் தடிமனான ரப்பர் வில்லையை அலை ஒருமுறை கடக்கவே 200 மைக்ரோவிநாடிக்கு மேல் ஆகும். சோதனையின் துடிப்பே அவ்வளவு நேரம்தான். ஆக, வில்லையின் முன்முகம் நசுங்கி முடிந்தபோது பின்முகத்துக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. அந்த நிலையில் கணித்த எண்ணுக்குப் பொருளே இல்லை. வில்லையை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் ஒரு கடப்புக்கு 40 மைக்ரோவிநாடி. மூன்று நான்கு முறை அலை குறுக்கே கடந்து, இரு முகங்களும் ஒரே விசையைக் காணும். இன்னொரு தடங்கல், ரப்பர் கடத்தும் விசை அற்பம். தடித்த எஃகுத் தண்டில் அது உண்டாக்கும் நீட்சியை அளவிகளின் இரைச்சலிலிருந்து பிரிப்பதே கடினம். ஆகவே எஃகை விட்டு அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக் தண்டுகளுக்கும் போனார்கள். துடிப்பு சட்டென்று எழாமல் மெல்ல எழும்படி, மோதும் முகத்தில் சிறு செம்புத் தகடு ஒட்டுவதும் உண்டு. இவ்வளவு கவனத்தோடு செய்த சோதனைகள் சொல்வது இது: கலப்பில்லாத இயற்கை ரப்பர் இந்த வேகத்திலும் ஓரளவுதான் விறைக்கிறது. கரி நிறைந்த கலவைகளும், உறையும் வெப்பநிலை உயர்ந்த செயற்கை ரப்பர்களும் வெகுவாக விறைக்கின்றன.

இழுவை எந்திரத்துக்கும் கோல்ஸ்கி தண்டுக்கும் நடுவே, விநாடிக்கு ஒன்று முதல் சில நூறு வரையான வேகங்கள் ஒரு திண்டாட்டமான இடம். எந்திரத்தின் விசைமானி தானே மணியடித்ததுபோல் அதிரத் தொடங்கிவிடும். அலைத் தண்டோ அவ்வளவு நீளமான துடிப்புக்குப் போதாது. நம் வாழ்க்கையின் மோதல்கள் பலவும் விழுவது இந்த நடு இடத்தில்தான்.

இந்த அத்தியாயத்தில் மிக முக்கியம் என்று நான் கருதும் சோதனை, சாதாரண எந்திரத்தில், மெதுவான வேகத்தில் நடந்தது. அமெரிக்க விண்கலத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகள் துண்டுதுண்டாக இணைக்கப்பட்டிருந்தன. இணைப்பில் சூடான வாயு கசியாமல் அடைத்தவை, 7 மில்லிமீட்டர் தடிமனான ரப்பர் வளையங்கள். ராக்கெட் பற்றியதும் உள்ளழுத்தத்தால் இணைப்பு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சற்றே விரிந்தது. நசுங்கியிருந்த வளையம் அதே வேகத்தில் விம்மி எழுந்து இடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது. அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், வளையத்தை எந்திரத்தின் தட்டுகளுக்கு இடையே நசுக்கி வைத்து, இணைப்பு விரியும் அளவுக்குத் தட்டை விலக்கிப் பார்த்தார்கள். 38 டிகிரியில் வளையம் தட்டோடு ஒட்டியே வந்தது. 24 டிகிரியில் 2.4 விநாடி தொடர்பு விட்டுப்போய்ப் பிறகு எட்டிப் பிடித்தது. 10 டிகிரியில் பத்து நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை, சோதனையை நிறுத்திவிட்டார்கள். இந்த முடிவுகள் 1985 ஆகஸ்டில் கடிதமாக நாசாவுக்குப் போயின.

1986 ஜனவரி 28 காலை, ஏவுதளத்தில் 2 டிகிரி. சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து விசாரணைக் குழுவின் முன் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிடியில் நசுக்கிய வளையத் துண்டைப் பனிநீரில் போட்டு எடுத்துக் காட்டினார். அந்தக் காட்சியை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பொறியாளர்களின் மூன்று எண்களை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஃபைன்மன் காட்டியது குளிரில் ரப்பர் மந்தமாகும் என்பதை. அவர்கள் அளந்தது, எவ்வளவு குளிரில் எத்தனை விநாடி மந்தம் என்பதை. 38 டிகிரி என்பது புதுக்கோட்டையில் ஒரு சாதாரண சித்திரை மதியம். அந்த வெப்பத்தில் நம் ஊர்க்காரர் யாராவது அந்த வளையத்தைச் சோதித்திருந்தால், குறையே சொல்லியிருக்க மாட்டார்.

ஒரே ரப்பர் ஒரே நேரத்தில் இரண்டு வேகங்களைச் சந்திக்கும் இடமும் உண்டு. அது பேருந்தின் டயர். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது டயர் விநாடிக்கு ஐந்து சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை சாலையில் அமுங்கி எழுகிறது. தொட்டு விலகும் நேரம் நூறில் ஒன்றிரண்டு விநாடி. இந்த வேகத்தில் ரப்பர் ஆற்றலை விழுங்கக்கூடாது. விழுங்கினால் டீசல் வீணாகும், டயர் சூடாகும். மழையில் ஓட்டுநர் பிரேக் போட்டதும் நிலைமை வேறு. டயரின் மேற்பரப்பு சாலையின் கருங்கல் ஜல்லிமேல் வழுக்கத் தொடங்குகிறது. மில்லிமீட்டர் அளவுச் சொரசொரப்பில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வழுக்கினால், ரப்பரின் ஒவ்வொரு புள்ளியும் விநாடிக்குப் பத்தாயிரம் முறை அமுங்கி எழும். அதைவிட நுண்ணிய சொரசொரப்பில் இன்னும் அதிகம். இந்த வேகத்தில் ரப்பர் ஆற்றலை நிறைய விழுங்க வேண்டும். விழுங்குவதுதான் பிடிமானம்.

விநாடிக்குப் பத்தாயிரம் முறை அமுக்கிப் பார்க்கும் எந்திரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேகமும் குளிரும் ஒன்றென்று முன்பே பார்த்தோம். டயர் ரப்பரை விநாடிக்குச் சில முறை மட்டும் அசைத்து, 0 டிகிரியில் அது எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்று அளந்தால் ஈரச்சாலைப் பிடிமானத்தின் குறிப்பு கிடைத்துவிடும். 60 டிகிரியில் அளந்தால் உருளும்போது வீணாகும் எரிபொருளின் குறிப்பு கிடைக்கும். முதல் எண் பெரிதாகவும் இரண்டாம் எண் சிறிதாகவும் இருக்க வேண்டும். கரிக்குப் பதில் சிலிக்கா சேர்த்து இரண்டையும் ஒருசேர மேம்படுத்திய கார் டயரை மிஷெலின் 1992-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும், உலகின் டயர் ஆய்வகங்கள் எல்லாம் இந்த இரண்டு எண்களையே துரத்தத் தொடங்கின. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் பட்டறையாகத் தொடங்கி, 1961-இல் டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். உட்பட நம் நாட்டு ஆலைகளும் இந்த ஓட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் நம் மாவட்டச் சாலைகளில் ஓடும் லாரி, டிப்பர் டயர்களில் கணிசமானவை ரீட்ரெடிங் செய்தவை. தேய்ந்த டயரில் ஒட்டும் புதுப்பட்டை ரப்பரோடு வரும் தாளில் ஷோர் கடினமும், நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டரில் இழுத்த வலிமையும், தேய்மானமும் இருக்கும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்பதற்கு அவை ஓரளவு பதில். ஐப்பசி மழையில் திருமயம் சாலையில் பாரத்தோடு வரும் டிப்பர் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. அதற்கான இரண்டு எண்களையும் எடுக்கும் சோதனை பாலிமர் ஆய்வகங்களில் வழக்கமானது. 2 மில்லிமீட்டர் தடிமனில் விரல் நுனி அகலத் துண்டு போதும், ஒரு தபால் உறைக்குள் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிடலாம். பட்டை வாங்கும் சங்கங்களும் போக்குவரத்துக் கழகங்களும் ஒப்பந்தப் புள்ளியில் 0 டிகிரி, 60 டிகிரி என்று இரண்டு வரி சேர்த்தாலே, ஆலைகள் அந்த எண்களை அச்சிட்டுத் தரும்.